சாப்பாட்டு அறையில் ஒரு முறைப்பலகை

போன மாதம் எங்கள் கல்லூரியின் இப்போதைய விடுதிப் பொறுப்பாளர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். இளம் பெண், நல்ல சுறுசுறுப்பு. சாப்பாட்டு அறையில் இனிமேல் பரிமாறல் கிடையாது, பிள்ளைகள் வரிசையில் வந்து தாங்களே போட்டுக்கொண்டு போவார்கள், நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது என்றார். நேரம் மிச்சம், சோறும் வீணாகாது என்று காரணமும் சொன்னார். எல்லாம் சரிதான் பிள்ளை, அப்படியென்றால் அந்தப் பலகையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். எந்தப் பலகை என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையில் என்ன பிழை? ஒருவரும் சொல்லவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் எண்பத்து மூன்றில் அந்தக் கல்லூரிக்கு விடுதி மேற்பார்வையாளராகப் போனேன். மனையியல் படித்து, ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சில காலம் நின்று, பெரிய அடுப்பும் பெரிய கிடாரமும் பழகியவள் என்பதால் என்னை எடுத்தார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. கல்லூரி திருச்சபையுடையது. பிள்ளைகளில் பெரும்பாலானோர் சைவ வீட்டுப் பிள்ளைகள். குசினியில் ஒரு சைவக்காரி நின்றால் தாய் தகப்பன் நிம்மதியாகப் பிள்ளையை விடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்குப் பிழைக்கவில்லை. என் அம்மாதான் வேதக்காரரின் அடுப்படியில் நின்றுவிட்டு வந்து தன் அடுப்படிக்குள் கால் வைக்கக்கூடாது என்று சன்னதம் ஆடினார். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு சேலை வாங்கிக் கொடுத்ததும் சத்தம் குறைந்தது.

சின்னக் கல்லூரி அது. கோப்பாயில் இருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு ஜெபாலயமும் நாலைந்து ஓட்டுக் கட்டிடங்களும் மாமரங்களும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். வந்த பிள்ளை எல்லாவற்றிலும் கொஞ்சம் படிக்க வேண்டும். பொருளாதாரம் படிக்க வந்தவனும் சங்கீத வகுப்பில் இருந்து தொண்டையைத் திறக்க வேண்டும். இலக்கியம் படிப்பவளும் மண்வெட்டி பிடித்து மரவள்ளிக்கு மண் அணைக்க வேண்டும். உதுகளைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று ஊர் கேட்டபடி இருந்தது. எங்கள் முதல்வர் அதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. சிரிப்பார், அவ்வளவுதான்.

ஞானமுத்து ஐயா என்று அவரைச் சொல்வோம். போதகர், மெலிந்த உயரமான மனிதர், தமிழ் இலக்கணமும் தத்துவமும் படிப்பித்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் என்ன முறைப்பாடு கொண்டுபோனாலும் முழுவதையும் கேட்பார், இடையில் மறிக்கமாட்டார், கேட்டு முடித்தபிறகு ஒரு சின்னக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியில் கொண்டுபோனவர் தானாகவே சுருண்டுவிடுவார். சாப்பாட்டு அறை விஷயம் என்றால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இண்டைக்கு ஆற்றை முறை?"

யாருடைய முறை என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். சாப்பாட்டு அறை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. ஒவ்வொரு நாள் பின்னேரமும் அடுத்த நாளுக்கான இரண்டு பெயரை அதில் வெண்கட்டியால் நான் எழுதுவேன். ஒருவர் சோறு, ஒருவர் சொதியும் கறியும். மாணவர், விரிவுரையாளர், எழுதுவினைஞர், முதல்வர் எல்லோருக்கும் முறை வரும். அறை வரிசைப்படி வரும், ஆள் பார்த்து வராது. முறைக்காரர் ஒருநாள் வாசல் பக்கத்தில் தொடங்குவார், மறுநாள் சுவர்ப் பக்கத்தில், எப்போதும் ஒரே ஆளுக்கு முதல் சோறு போய்விடக்கூடாது என்று. எல்லோருக்கும் ஒரே அகப்பை, ஒரே அளவு. கேட்டால் இரண்டாம் தரம். பரிமாறியவர் கடைசியில் சாப்பிட வேண்டும். பந்தி முடியாமல் இடையில் நின்றுபோன முறை முறையாகாது, அதை அடுத்த நாள் திரும்பச் செய்ய வேண்டும்.

ஞானமுத்து ஐயாவின் முறை வருகிற நாள் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். நீள அங்கியைத் தூக்கிச் செருகி, இடுப்பில் துவாய் கட்டி, சொதி வாளியோடு வருவார். தத்துவத்தில் எவ்வளவு தெளிவோ சொதி விடுவதில் அவ்வளவு தடுமாற்றம். இருக்கிற நீள வாங்கில் பாதி, மடியில் பாதி. மாதத் துடக்கு என்று சொல்லி முறையில் இருந்து தப்பப் பார்க்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருத்திக்கு ஒரே மாதத்தில் மூன்று தரம் துடக்கு வந்தது. பிள்ளை, உமக்கு அவசரமாக வைத்தியரைக் காட்ட வேண்டும், இப்போதே தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும் என்றேன். அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு விடுதியில் துடக்கு அளவோடுதான் வந்தது.

தொண்ணூறுக்குப் பிறகு அரசாங்கத் தடையால் சாமான் வராத காலத்திலும் அந்தப் பலகை ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, வெண்கட்டிகூட இல்லை. உடைந்த ஓட்டுத் துண்டால் பெயர் எழுதினேன். சுண்டல் மட்டும் இருந்த நாளும் இரண்டு பேர் நின்று பரிமாறினார்கள். தொண்ணூற்றைந்தில் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் போகும்வரை அது நடந்தது. என் உத்தியோகத்தில் வேறு எதைச் சொல்லத் தயங்கினாலும் இதைச் சொல்ல நான் வெட்கப்படமாட்டேன். அந்தப் பலகையை நான் காப்பாற்றினேன். ஆனால் அது உடையப் பார்த்த ஒரு தருணமும் இருந்தது. அது எண்பத்தேழில்.

அந்த ஆண்டு மாரி தொடங்குகிற நேரம் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை எங்கள் பக்கம் வந்தது. சுற்றுவட்டாரச் சனம் கல்லூரிக்குள் ஓடிவந்தது. வகுப்பறை, விறாந்தை, ஜெபாலயம், நூலகத்துப் படிக்கட்டு, கால் வைக்க இடமில்லை. என் அண்ணை சிவகுருவும் குடும்பத்தோடும் ஊர்ச்சனத்தோடும் வந்தார். அவர் எங்கள் பகுதியில் வயலும் பனங்காணியும் நிறைய உள்ள பெரிய கமக்காரர். உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அரிசி மூடைகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வந்ததும் வராததுமாக எல்லா மூடையையும் குசினியில் இறக்கச் சொன்னார். இது என்ரை தங்கச்சி நிற்கிற இடம், இங்கே ஒரு பிள்ளையும் பட்டினி கிடக்கக்கூடாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மா போனபிறகு எனக்கென்று இருந்த ஒரே வீடு அண்ணையின் வீடு. அவர் என்னைச் சுமை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நல்ல மனிதர். அதனால்தான் அடுத்த நாள் நடந்தது எனக்கு அவ்வளவு நோவாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் றஞ்சினியின் முறை. கடைசி வருட மாணவி, வரலாற்றில் கெட்டிக்காரி. அவளோடு நிற்க வேண்டிய பையன் சண்டைக்கு முதலே வீட்டுக்குப் போய்விட்டதால் சோறும் சொதியும் அவள் ஒருத்தியின் பொறுப்பு. அவளுடைய தாய் தகப்பனும் அன்று விறாந்தையின் ஒரு மூலையில் இருந்தார்கள். தகப்பனார் செல்லையா எங்கள் அண்ணையின் காணிப் பனைகளில் ஏறிக் கள்ளுச் சீவுகிறவர். இதை எழுத முன் றஞ்சினியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. எழுதுங்கோ அக்கா என்றாள். ஆனால் அப்பாவைச் செல்லையா என்று எழுதுங்கோ, ஊர் கூப்பிட்ட மாதிரி எழுதாதையுங்கோ என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன்.

சனம் விறாந்தையில் நிலத்தில் வரிசையாக இருந்தது. ஆளுக்கொரு கோப்பை முன்னால்; சாப்பிடுகிற தட்டைத்தான் கோப்பை என்போம். றஞ்சினி வாசல் பக்கத்தில் இருந்து சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணைக்கு முன்னால் வந்து அகப்பையை நீட்டியபோது அவர் தன் கோப்பையைக் கையால் மூடினார். பசி இல்லையாக்கும் என்று அவள் அடுத்தவருக்கு நீட்டினாள். அவரும் மூடினார். அதற்கடுத்தவரும். எங்கள் ஊர்வரிசை முழுவதும் ஒவ்வொரு கையாகக் கோப்பைகளுக்கு மேல் வந்தது. பிள்ளைகளின் கோப்பைகளைத் தாய்மார் மூடினார்கள். றஞ்சினி பந்தியின் நடுவில் அப்படியே நின்றாள்.

அண்ணை எழும்பி நேராகக் குசினிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு நல்ல யோசனை சொல்ல வருகிறவரைப்போலத்தான் வந்தார்.

"அவளை வேறை வேலையிலை விடு. நீ வந்து போடு. எங்கடை வீட்டுப் பிள்ளை போட்டா சனம் பேசாமல் சாப்பிடும்."

எவ்வளவு லேசான வழி. ஒருவருக்கும் நோகாது, நாலு நிமிடத்தில் எல்லோர் வயிறும் நிறையும். குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் கையும் துருதுருத்தது. ஆனால் வாசலில் பலகை தெரிந்தது. அதில் என் கையெழுத்தில் அவள் பெயர் இருந்தது.

"எனக்கு இண்டைக்கு முறை இல்லை அண்ணை," என்றேன்.

அவர் என்னை நம்பமுடியாமல் பார்த்தார். பிறகு, இன்றோடு என் வீட்டுப் படலை உனக்குத் திறக்காது என்று நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் றஞ்சினிக்குக் கேட்டுவிட்டது. அகப்பையைக் குசினி நிலத்தில் வைத்தாள். தான் விலகுவதாகவும் தன்னால் சனம் பட்டினி கிடக்க வேண்டாம் என்றும் சொன்னாள். இந்தச் சண்டை முடிய வீட்டுக்குப் போய்விடுவதாகவும் திரும்பப் படிக்க வரப்போவதில்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நாலு வருடம் அந்தப் பிள்ளை எங்களோடு ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டதெல்லாம் ஒரு மத்தியானத்தில் பொய்யாகப் போகிறதே என்று இருந்தது.

அந்த நேரம் ஞானமுத்து ஐயா வந்தார். கிணற்றடியில் தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றவரை யாரோ கூட்டிவந்திருந்தார்கள். அண்ணை சொன்னதை முழுவதும் கேட்டார். நான் சொன்னதையும் கேட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். றஞ்சினியின் முறை என்றேன்.

"அப்ப ஏன் அகப்பை நிலத்திலை கிடக்குது?"

அவர் றஞ்சினி பக்கம் திரும்பினார். "பிள்ளை, காய்ச்சல் தலையிடி எண்டா சொல்லு, விடுறன். அவர் சொன்னதுக்காக எண்டா விடமாட்டன்."

"எனக்குக் காய்ச்சல் இல்லை ஐயா," என்று சொல்லிக் குனிந்து அகப்பையை எடுத்துக் கழுவினாள்.

அண்ணை அப்படியென்றால் தன் அரிசியைத் திருப்பித் தரச் சொன்னார், தன் சனத்துக்குத் தானே புறம்பாக அடுப்பு மூட்டிக்கொள்வதாகவும் சொன்னார். மற்றவர் என்றால் கெஞ்சியிருப்பார்கள், அல்லது ஒரு பிரசங்கம் செய்திருப்பார்கள். ஞானமுத்து ஐயா மிச்சம் இருந்த மூடைகளை வெளியே எடுத்துவைக்கச் சொன்னார்.

"அரிசி உங்கடை, கொண்டு போங்கோ. அடுப்பு எங்கடை. அதிலை ரெண்டு பந்தி இல்லை."

அண்ணையும் எங்கள் ஊர்ச்சனமும் பந்தியை விட்டு எழும்பிவிட்டதால், றஞ்சினி மற்றவர்களுக்குப் போட்டும் அன்றைய முறை பாதியிலேயே நின்றது. எனக்கு ஐயாமேல் பொல்லாத ஆத்திரம். தனியே கூட்டிப்போய், நாளைக்கு இத்தனை சனத்துக்கும் எதை அவிப்பது, உங்கள் தத்துவத்தையா என்று கேட்டேன். அப்படி ஒரு வார்த்தையை நான் அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. மரவள்ளி நிற்கிறதே என்றார். அன்று பின்னேரம் பொருளாதார விரிவுரையாளரும் சங்கீத ஆசிரியரும் மழைச்சேற்றில் நின்று மரவள்ளி கிண்டினார்கள். சங்கீதக்காரர் கிண்டியதில் பாதி முறிந்துபோயிற்று. அவித்த கிழங்கும் உப்பும் மிளகாயும் இடித்த சம்பலும்தான் இரவுச் சாப்பாடு. எங்கள் ஊர்ச்சனம் கொண்டுவந்த பிஸ்கற்றைப் பிரித்துத் தின்றுவிட்டுப் படுத்தது.

விடிந்ததும் அண்ணை வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். கமம் செய்வதில் அவரை வெல்ல ஆளில்லை, அடுப்பு மூட்டுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மழையில் நனைந்த விறகு. அரிசி கொதிக்கத் தொடங்கவில்லை, புகை மரத்துக்கு மேலாகக் குடை விரித்துவிட்டது. எங்கள் குசினிப் புகை ஓட்டுக்கூரைக்குள் சிதறி மாமரங்களுக்குள் கலைந்துபோகும், வெளியே தெரியாது. இது ஊருக்கே தெரிந்தது. புகையைக் கண்டால் சுடுகிற ஹெலிகொப்டரின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டதுதான் தாமதம், நாலு பக்கத்தில் இருந்தும் சனம் வாளியோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தது. ஊற்றியவர்களில் எங்கள் ஊர்க்காரரும் இருந்தார்கள். ஹெலி வேறு பக்கம் போய்விட்டது. அடுப்பு இருந்த இடத்தில் சாம்பல் தண்ணீரும், பானைக்குள் வேகாத அரிசியும் மிஞ்சின. அண்ணை வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கிட்டப் போகவில்லை.

எழும்பியவர் அவருடைய மனைவி, என் மச்சாள் பாக்கியம். வாயில்லாப் பூச்சி என்று ஊர் சொல்கிற பெண். புருஷனை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒருவரிடமும் கேட்கவில்லை. அரைப்பச்சை அரிசிப் பானையைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கல்லூரிக் குசினிக்கு வந்தார். உள்ளே றஞ்சினி மரவள்ளி சீவிக்கொண்டு இருந்தாள். பானையை அவளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"பிள்ளை, இதையும் போட்டு அவி," என்றார்.

பிறகு என்னிடம், என் பெயரையும் அந்தப் பலகையில் எழுது என்றார். நேற்று இடையில் நின்ற முறையை றஞ்சினி இன்று திரும்பச் செய்ய வேண்டும், அவளோடு நிற்க ஆளில்லை, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். அதுக்கென்ன என்றார். றஞ்சினி என்று இருந்ததற்குப் பக்கத்தில் பாக்கியம் என்று எழுதினேன். சோறு மச்சாள், சொதி றஞ்சினி. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்ப் பெடியள் இரண்டு பேர் மூடைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து பேசாமல் குசினியில் இறக்கினார்கள். அண்ணை மறிக்கவில்லை.

மத்தியானம் பந்தி இருந்தது. அண்ணை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மனைவி பரிமாறும்போது புருஷன் போகாமல் விட்டால் அது வேறு கதையாகிவிடும் என்று யோசித்தாரோ, பசிதானோ, வந்து கடைசி ஆளாக இருந்தார். அவருக்கு எதிர்வரிசையில் செல்லையா தன் மனைவியோடு இருந்தார். மச்சாள் அவர்களுக்கும் போட்டார், பிள்ளைகளுக்கும் போட்டார், இன்று கோப்பையை மூடாத எங்கள் ஊர்ச்சனம் முழுவதற்கும் போட்டார். அண்ணையின் கோப்பையிலும் சோறு விழுந்தது. தன் வீட்டுப் பெண் போட்ட சோறு, அதற்கு அவருக்குத் தடையில்லை.

பின்னால் சொதி வாளி வந்தது. நான் குசினி வாசலில் நின்றேன். றஞ்சினி ஒவ்வொரு கோப்பையாகக் குனிந்து விட்டுக்கொண்டு வந்து அண்ணைக்கு முன்னால் நின்றாள். அவர் வெறும் சோற்றை விரலால் அளைந்தபடி இருந்தார். அவள் தாண்டிப் போகவில்லை. முதல்நாள் கோப்பைகள் மூடப்பட்டபோது தாண்டிப் போனவள், அன்று போகவில்லை. கெஞ்சவும் இல்லை. அகப்பையை வாளிக்குள் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நிற்பதுபோலவே நின்றாள். விறாந்தையில் ஒருவரும் சாப்பிடவில்லை. செல்லையா எழும்பப் பார்த்தார், மனைவி அவர் முழங்காலில் கை வைத்து இருத்தினார். ஞானமுத்து ஐயா தன் கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மச்சாள் சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் ஏந்தியபடி திரும்பி வந்து றஞ்சினிக்குப் பக்கத்தில் நின்றார்.

"சனம் பாத்துக்கொண்டு இருக்குது. கோப்பையைத் தள்ளுங்கோ," என்றார்.

அண்ணை தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கையால் கோப்பையைக் கொஞ்சமாக முன்னால் தள்ளினார். றஞ்சினி சொதி விட்டாள். அவர் குழைத்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். விறாந்தை முழுவதும் சாப்பிடுகிற சத்தம் திரும்பவும் கேட்கத் தொடங்கியது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அவர் கதைத்தார்.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் விடு."

அவள் திரும்பி வந்து சொதி விட்டாள். எல்லோருக்கும் விட்ட அதே ஓர் அகப்பை.